சட்டித் தயிரா, மோரா?

கொழும்பு வெள்ளவத்தையில் இரவுச் சாப்பாடு முடிய, மண்சட்டியில் உறையவைத்த எருமைத் தயிரான சட்டித் தயிரில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) விட்டுச் சாப்பிடுவது பல வீடுகளில் வழக்கம். எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் விடவேண்டியது இதைத்தான். தயிர் குளிர்ச்சி என்று நம்புகிறோம். ஆயுர்வேதமோ அதை உஷ்ணம், செரிக்கக் கனம், கபமும் கொழுப்பும் கூட்டும் என்கிறது. இரவில் உண்ணக்கூடாதென்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையே தடுக்கிறது. அதுவும் எருமைத் தயிர்! கரண்டியால் வெட்டினால் கட்டியாக நிற்கும், மேலே தடித்த ஆடை. எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதத்துக்கு மேல். மெலிந்தவர்கள் உடம்பு தேறப் பகலில் சாப்பிடட்டும்.

மோர் இலேசு, பசியைத் தூண்டும். மத்தியானம் இஞ்சி, கறிவேப்பிலை, உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடியுங்கள். ஆனால் கடைந்து வெண்ணெயை எடுக்கவேண்டும். தண்ணீர் மட்டும் கலந்தால் கொழுப்பு அப்படியே இருக்கும்.