'மேப்பில்தார்ப்': ஆள் இருக்கிறார், அவர் வேலை எங்கே?

புகைப்படக்காரர் ராபர்ட் மேப்பில்தார்ப்பின் பெயரைக் கேட்டால் அமெரிக்காவில் இரண்டு தரப்பு நிமிர்ந்து உட்காரும். ஒன்று புகைப்படக்காரர்கள், இன்னொன்று வக்கீல்கள். 1946-இல் நியூயார்க்கின் ஃப்ளோரல் பார்க்கில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1989 மார்ச்சில் 42 வயதில் எய்ட்ஸால் இறந்த இவரைப் பற்றி ஓண்டி டிமோனர் எடுத்த திரைப்படம் 2018-இல் டிரைபெக்கா விழாவில் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு தியேட்டருக்கு வந்தது. ஓடும் நேரம் 102 நிமிடம். மேப்பில்தார்ப்பாக வரும் மாட் ஸ்மித்தின் நடிப்புக்காகப் பார்க்கலாம். மேப்பில்தார்ப்பின் அசல் புகைப்படங்களை அறக்கட்டளையின் அனுமதியோடு உள்ளே வைத்திருக்கிறார்கள், அதற்காகவும் பார்க்கலாம். அந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று தெரிந்துகொள்ள நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

கதை தெரிந்த கதை. ப்ராட் இன்ஸ்டிடியூட்டில் படிப்பை முடிக்காத பையன், 1967-இல் அறிமுகமாகும், பின்னாளில் பாடகியாகப் பேரெடுத்த பேட்டி ஸ்மித், செல்சி ஹோட்டலின் சின்ன அறை, அப்பா அம்மாவிடம் கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொல்லும் பொய், தான் ஆண்களை விரும்புகிறவன் என்று ஒப்புக்கொள்ளும் நாள், காதலரும் புரவலருமாக வரும், பணமும் ரசனையும் உள்ள சாம் வாக்ஸ்டாஃப், பாண்ட் தெருவின் மாடி வீடு, புகழ், போதை, நோய், சாவு. வாழ்க்கை வரலாற்றுப் படங்களுக்கென்றே ஒரு ரயில் தண்டவாளம் உண்டு. இந்த வண்டி அதைவிட்டு ஓர் அங்குலமும் விலகவில்லை. இருபது வருடத்தை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடைத்ததில், ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி அரை நிமிடம்தான் நிற்கிறது.

மாட் ஸ்மித் மெலிந்த உடம்பும் கூர்மையான தாடையுமாக ஆளுக்குப் பொருந்துகிறார். தன்னலத்தை மறைக்காமல் நடிக்கிறார், ரசிகர்களின் அனுதாபத்தைக் கெஞ்சி வாங்கவில்லை. வாக்ஸ்டாஃபாக வரும் ஜான் பெஞ்சமின் ஹிக்கி ஒரு படி மேல். ஒரு பணக்காரனின் அன்பில் எவ்வளவு அன்பு, எவ்வளவு வாங்கும் ஆசை என்பதைக் கண்ணிலேயே காட்டிவிடுகிறார். நிஜ மேப்பில்தார்ப், வாக்ஸ்டாஃப் இருவருக்கும் பிறந்தநாள் நவம்பர் 4, சரியாக 25 வருட இடைவெளி. கற்பனையாக எழுதியிருந்தால் மிகை என்று திருத்தியிருப்பார்கள். பேட்டி ஸ்மித்தாக மரியான் ரெண்டோன் நன்றாகச் செய்கிறார், ஆனால் பாதிப் படத்துக்குள் அவரை அனுப்பிவிடுகிறார்கள்.

இனி கேமரா விஷயத்துக்கு வருவோம்.

ஆரம்பத்தில் மேப்பில்தார்ப் புகைப்படக்காரரே கிடையாது. 42-வது தெருக் கடைகளில் பாலித்தீன் உறைக்குள் விற்ற ஆண் பத்திரிகைகளை வாங்கி, படங்களை வெட்டி ஒட்டி கொலாஜ் செய்துகொண்டிருந்தவர். வெட்டுவதற்கு நாமே படம் எடுத்தால் என்ன என்றுதான், எடுத்த கையோடு படத்தைத் தரும் போலராய்டு கேமரா கைக்கு வந்தது. முதலில் செல்சி ஹோட்டலில் குடியிருந்த சாண்டி டேலியிடம் இரவல். பிறகு மெட்ரோபாலிடன் மியூசியத்தில் புகைப்படப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த ஜான் மெக்கெண்ட்ரி ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார், போலராய்டு கம்பெனியிலிருந்து ஃபிலிமுக்கும் ஏற்பாடு செய்தார். 1973-இல் நடந்த முதல் கண்காட்சி முழுக்கப் போலராய்டுதான்.

அந்த ஃபிலிமின் குணம் தெரிந்தவர்களுக்கு, அது ஒருவருடைய கண்ணை எப்படிப் பழக்கும் என்பதும் தெரியும். ஒரு பேக்கில் எட்டுப் படம். எடுத்ததும் வெள்ளைத் தாளை இழுக்க வேண்டும், பிறகு அடுத்த தாளை ஒரே சீராக, நிறுத்தாமல் இழுக்க வேண்டும். உள்ளே இரண்டு உருளைகள் ரசாயனப் பசையை நசுக்கிப் பரப்பும். கை தயங்கினால் குறுக்கே கோடு விழும். முந்தைய படத்தின் பசை உருளையில் காய்ந்திருந்தால் ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாக வரும். குளிரில் எடுத்தால் படம் சோகை பிடித்தது போல் நிற்கும். கறுப்பு வெள்ளை என்றால் அரை நிமிடத்துக்குள் உரித்துப் பார்த்துவிடலாம். சாதாரண வகைகளில் அச்சடிக்கத்தக்க நெகட்டிவ் கிடையாது, கையில் இருப்பது ஒரே ஒரு பிரதி. எதிரே இருப்பவரும் அதே அரை நிமிடத்தில் தன்னைப் பார்த்துவிடுகிறார், பிடித்தால் அடுத்த படத்துக்கு இன்னும் கொஞ்சம் இறங்கி வருகிறார். பிற்காலத்தில் அந்தரங்கமான காட்சிகளுக்கு ஆட்கள் இவர் முன்னால் நின்றதற்கான பயிற்சி இங்கே நடந்தது என்றே சொல்வேன். திரைப்படத்தில் போலராய்டு ஒரு அலங்காரப் பொருளாக வந்து போகிறது.

அடுத்தது ஹாசல்பிளாட் கேமரா. எழுபதுகளின் நடுவில் வாக்ஸ்டாஃப் கொடுத்தது. இது வேறு வகையான பிராணி. சதுரப் படம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு. இடுப்பு உயரத்தில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், அதில் இடம் வலமாகத் தெரியும். மாடல் இடப்பக்கம் சாய்ந்தால் கண்ணாடியில் எதிர்ப்பக்கம் சாய்வார், பழகாதவர்கள் கேமராவைத் தப்பான திசையில் திருப்புவார்கள். ஃபிலிம் பெட்டியின் உலோகத் தகட்டை உருவ மறந்தால் ஷட்டர் விழாது. விழுந்த பிறகு கண்ணாடி மேலேயே நின்றுவிடும். அடுத்த பிரேமுக்குச் சுற்றும்வரை வியூஃபைண்டர் இருட்டு. இப்படிப்பட்ட கேமராவால் ஓடி ஓடிப் படமெடுப்பது சிரமம். ஸ்டாண்டில் நிறுத்தி, விளக்கை அமைத்து, ஆளை அசையாமல் நிற்கவைத்து எடுக்கச் சொல்லும் கருவி அது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/500 நொடிவரை பிளாஷ் ஒத்துப்போகும். நடுவில் உருவம், சுற்றிலும் கறுப்பு, இருபுறமும் சமநிலை என்ற மேப்பில்தார்ப் பாணியில் பாதி அந்தச் சதுரம் கொடுத்தது. பூவும் சரி, பிறப்புறுப்பும் சரி, ஒரே நிதானத்தோடு அதற்குள் உட்கார்ந்தன. சர்ச்சைக்கும் அதுதான் மூலம்: அவசரமாக, மங்கலாக, ஒளித்து எடுத்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். 1988-இல், சாவுக்குச் சில மாதங்களுக்கு முன் எடுத்த சுயபடம். கறுப்புக் கழுத்துமூடிச் சட்டை, கறுப்புப் பின்னணி, முன்னால் நீட்டிய முஷ்டியில் மண்டையோட்டுப் பிடி வைத்த கைத்தடி. சட்டையும் திரையும் ஒன்றாகக் கலந்து, தலையும் கையும் மட்டும் இருட்டில் மிதக்கின்றன. இப்படி வர வேண்டுமானால் ஆளைத் திரையிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காரவைத்து, விளக்கின் ஒளி திரையில் சிந்தாமல் மறைக்க வேண்டும். கொஞ்சம் சிந்தினாலும் கறுப்பு சாம்பலாகி, தோள் தெரிந்துவிடும். அடுத்தது ஃபோகஸ். மண்டையோடு கூர்மையாக இருக்கிறது, முகம் கொஞ்சம் மங்கல். இந்த அளவு ஃபிலிமில், கிட்டத்தில் வைத்து, லென்ஸில் ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சரைத் திறந்தால் கூர்மை சில அங்குலத்துக்கே நிற்கும். முஷ்டிக்கும் மூக்கிற்கும் நடுவில் அது முடிந்துபோகும். அபெர்ச்சரை மூடினால் இரண்டும் கூர்மையாகி, படம் சாதாரணமாகிவிடும். சாவு முன்னால் வந்து, மனிதன் பின்வாங்கும் அந்த உணர்வு முழுக்க ஓர் அபெர்ச்சர் முடிவில் இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் நின்று ஃபோகஸ் செய்தவர் தம்பி எட்வர்ட். தனியாகக் கண்காட்சி வைத்தால் குடும்பப் பெயரைப் போடக் கூடாது என்று அண்ணன் சொன்னதால், கொஞ்சகாலம் எட்வர்ட் மாக்ஸி என்ற பெயரில் இயங்கியவர். ஒரு முழுப் படத்துக்கான நாடகம் இந்த ஒரு கிளிக்கில் இருந்தது. டிமோனர் தம்பிக்கு இடம் கொடுத்திருக்கிறார், ஆனால் சண்டைக்கான இடம் மட்டும்.

பிரிண்ட் போடும் வேலையும் அப்படித்தான். டார்க் ரூமில் மணிக்கணக்கில் நிற்பதில் மேப்பில்தார்ப்புக்கு நாட்டமில்லை. எழுபதுகளின் இறுதியிலிருந்து அவருக்குப் பிரிண்ட் போட்டவர் டாம் பேரில். இன்று மியூசியங்களில் நாம் வியக்கும் வெல்வெட் கறுப்பு அவருடைய கையிலிருந்து வந்தது. பிளாட்டினம் பிரிண்ட், துணியில் பிரிண்ட், பட்டு வைத்த சட்டகம் என்று பொருளாகவே படத்தை யோசித்த ஆள் மேப்பில்தார்ப். கடையில் தொங்கும்போது எப்படி இருக்கும் என்பதுவரை அவர் கணக்கில் உண்டு. இதையெல்லாம் காட்டினால் ரசிகர்களுக்குச் சலிக்கும் என்று நினைத்திருக்கலாம். இத்தனைக்கும் டிமோனர் ஆவணப்படக்காரர், சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இரண்டு முறை ஆவணப்படத்துக்கான பெரிய பரிசை வாங்கியவர்.

கறுப்பின ஆண்களை எடுத்த படங்களில் இந்தக் குறை பெரிதாகிறது. 1980-இல் எடுத்த பாலியஸ்டர் சூட் படம் எல்லோருக்கும் தெரியும்: முகமில்லை, சூட்டின் திறப்பில் உறுப்பு மட்டும். முகமும் உறுப்பும் ஒரே படத்தில் வரக்கூடாது என்பது அதில் நிற்கும் மாடலும் மேப்பில்தார்ப்பின் காதலருமான மில்டன் போட்ட நிபந்தனை. 2015-இல் அதன் ஒரு பிரதி நியூயார்க் ஏலத்தில் 4,78,000 டாலருக்குப் போனது. இந்தப் படங்களின் தோல் ஏன் வெண்கலம் போல் மின்னுகிறது? ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கச் சொல்லும். கருந்தோலில் அது சொன்னபடி எடுத்தால் தோல் வெளிறிவிடும். ஒளியை ஒரு ஸ்டாப்போ, அதாவது பாதியாகவோ, அதற்கு மேலோ குறைத்து, பக்கவாட்டில் பெரிய விளக்கை வைத்தால் தோல் கருமையிலேயே நின்று, மேடுகளில் மட்டும் ஒளி வழுக்கும், உடல் சிலையாகும். அழகு அங்கே பிறக்கிறது, குற்றச்சாட்டும் அங்கேயே பிறக்கிறது: மனிதனைச் சிலையாக்கினால் அவன் பொருளாகிவிடுகிறானே? விமர்சகர் கோபெனா மெர்சர் எண்பதுகளில் இதைக் கடுமையாக எழுதி, பிறகு தன் கருத்தைத் தானே மறுபடி எடைபோட்டார். ஓவியர் கிளென் லைகன், இந்தப் படங்களின் தொகுப்பான 'பிளாக் புக்' புத்தகத்தின் பக்கங்களைச் சுவரில் மாட்டி, நடுவில் பலருடைய கருத்துகளைக் கோத்து ஒரு படைப்பே செய்தார். திரைப்படத்தில் மில்டனோடு உள்ள உறவு வேகமாக ஓடி முடிகிறது. விளக்கை எங்கே வைத்தார் என்று காட்டியிருந்தால் இந்தக் கேள்வி தானாகவே எழுந்திருக்கும்.

பெரிய சர்ச்சை மேப்பில்தார்ப் இறந்த பிறகு வெடித்தது, ஆகவே அது கதைக்கு வெளியே நிற்கிறது. 1989 ஜூனில் வாஷிங்டனின் கார்கோரன் கேலரி, அரசு உதவித்தொகை பற்றிய அரசியல் கூச்சலுக்குப் பயந்து அவருடைய கண்காட்சியை ரத்து செய்தது. எதிர்த்தவர்கள் அதே கட்டடத்தின் சுவரில் அவர் படங்களை ஒளிபாய்ச்சிக் காட்டினார்கள். 1990-இல் சின்சினாட்டியில் அதே கண்காட்சி நடந்தபோது மியூசியத்தின் மீதும் அதன் இயக்குநர் டென்னிஸ் பேரி மீதும் ஆபாசம் என்று கிரிமினல் வழக்கு. 175 படங்களில் ஏழு மட்டும் குற்றப்பத்திரிகையில்: ஐந்து ஆண்களின் பாலியல் காட்சிகள், இரண்டு குழந்தைகளின் படங்கள். கண்காட்சியை மொத்தமாகப் பார்க்கச் சொன்ன வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை, ஒவ்வொரு படமும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்றார். அதனால் மியூசியம் தரப்பு நிபுணர்கள் ஒவ்வொன்றையும் காட்டி உருவத்தின் இடம், ஒளி, கோடு, விகிதம் என்று விளக்க வேண்டியதாயிற்று. மியூசியப் பழக்கம் அதிகமில்லாத எட்டு ஜூரிகள் அதைக் கேட்டு, அக்டோபர் 5 அன்று விடுதலை என்றார்கள். லைட்டிங்கும் சட்டகமும் தொழில்காரர்களின் சில்லறை விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வழக்கைத்தான் காட்ட வேண்டும். ஒரு மனிதர் சிறைக்குப் போவதா வேண்டாமா என்பது அந்தச் சில்லறையில் தொங்கியது. வழக்கையே கதையாக்கி 2000-இல் 'டர்ட்டி பிக்சர்ஸ்' என்ற தொலைக்காட்சிப் படம் வந்தது, பேரியாக ஜேம்ஸ் வுட்ஸ்.

பார்க்க முடிவு செய்தவர்களுக்குச் சில குறிப்புகள். அசல் புகைப்படங்கள் மறைப்பின்றி வருகின்றன, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படமில்லை. 2016-இல் ஹெச்பிஓ வெளியிட்ட 'லுக் அட் த பிக்சர்ஸ்' ஆவணப்படத்தை முதலில் பாருங்கள். தலைப்பு, செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் இந்தப் படங்களைக் காட்டிக் கத்திய வார்த்தை. வேலை செய்த விதம், உடன் இருந்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் அதில் கிடைக்கும். அதற்குப் பிறகு பார்த்தால் டிமோனர் படத்தின் ஓட்டைகள் தானாகவே நிரம்பும், மாட் ஸ்மித்தை நிம்மதியாக ரசிக்கலாம். 2021-இல் வந்த இயக்குநர் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். சிறுவயதுப் பகுதி சேர்ந்திருப்பதால் அப்பாவோடு உள்ள கசப்புக்கு ஒரு அடித்தளம் இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் நான்சி ஷ்ரைபர் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்திருக்கிறார். படத்தின் சிறந்த தொழில்நுட்ப முடிவு அதுதான்: ஃபிலிமின் மணல்துகள் எழுபதுகளின் நியூயார்க்கைச் செலவில்லாமல் கொண்டுவந்துவிடுகிறது, இடையிடையே வரும் மேப்பில்தார்ப்பின் வழவழப்பான பிரிண்டுகள் அதற்கு எதிராகப் பளிச்சென்று நிற்கின்றன. டிவியில் பார்ப்பவர்கள் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துகள் முழுக்க மெழுகாகிவிடும். பிரைட்னஸைக் கூட்டி வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் குறையுங்கள், கறுப்பு சாம்பலாகிவிட்டால் புகைப்படங்கள் வரும் இடங்களில் பார்க்க எதுவும் மிஞ்சாது.