சிடிஎல்ஏ-4ஆ, பிடி-1ஆ: எந்த பிரேக்கை விடுவிப்பது?

புற்றுசெல்லைக் கண்டுபிடித்துக் கொல்லத் தெரிந்த டி-செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் நம் உடம்பிலேயே இருக்கின்றன. அவை வரம்பு மீறிச் சொந்தத் திசுவையே தாக்கிவிடக் கூடாதென்று உடம்பு வைத்திருக்கும் பிரேக்குகள்தான் புற்றுக்கும் வசதியாகிவிடுகின்றன. அவற்றில், டி-செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடிஎல்ஏ-4, பிடி-1 ஆகிய இரண்டு புரதங்களையும் விடுவித்துச் சிகிச்சைக்கு வழி திறந்ததற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சிடிஎல்ஏ-4 தொடக்கத்திலேயே குறுக்கிடுகிறது. நிணநீர்க் கணுவில், எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல் புற்றின் புரதத் துணுக்கைக் காட்டினால் மட்டும் டி-செல் கிளம்பிவிடாது. டென்ட்ரிடிக் செல்லின் பி7 புரதம் டி-செல்லின் சிடி28 என்ற தூண்டு புரதத்துடன் இணையவும் வேண்டும். சிடிஎல்ஏ-4 அதே பி7-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. சிடி28-க்கு ஒன்றும் மிஞ்சாமல் டி-செல் பெருகுவது தடைபடுகிறது.

பிடி-1 பெரும்பாலும் களத்தில் வேலை செய்கிறது. கட்டிக்குள் நுழைந்த டி-செல் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அதை உணரும் புற்றுசெல் தன் மேற்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தைக் கூட்டிக்கொள்ளும். அது பிடி-1-உடன் இணைந்ததும் டி-செல் தளர்ந்துபோகும். தாக்கியவனின் ஆயுதமே எதிரிக்குக் கேடயம் செய்து கொடுக்கிறது, கெட்டிக்கார ஏற்பாடுதான்.

பக்கவிளைவில் எது கடுமை என்பதை எலிகள் முன்பே காட்டிவிட்டன. சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறந்தவை கட்டுக்கடங்காத டி-செல் பெருக்கத்தால் சில வாரங்களிலேயே செத்தன. பிடி-1 இல்லாதவற்றுக்கு லூபஸ் (உடம்பே தன் திசுக்களைத் தாக்கும் நோய்) போன்ற நோய் மெதுவாக, வயதான பிறகே வந்தது. மனிதர்களிலும் அதே சாயல்தான்: சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் இபிலிமுமாப் குடல் அழற்சியையும் பிட்யூட்டரி அழற்சியையும் அதிகம் கொண்டுவருகிறது, பிடி-1 மருந்துகளில் தைராய்டு கோளாறும் நுரையீரல் அழற்சியும் கூடுதல்.

முற்றிய மெலனோமா என்ற தோல் புற்றில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது செக்மேட் 067 ஆய்வு. ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் இபிலிமுமாப் மட்டும் பெற்றோரில் 26%, பிடி-1 மருந்தான நிவோலுமாப் மட்டும் பெற்றோரில் 44%, இரண்டும் சேர்த்துப் பெற்றோரில் 52%. சிகிச்சையால் வந்த கடும் பக்கவிளைவுகள் அதே வரிசையில் 28%, 23%, 59%.

ஒன்றே ஒன்று என்றால் பிடி-1தான். அதில் எனக்கு யோசனையே இல்லை. ஆனால் கட்டிக்குள் டி-செல்லே நுழையாதபோது பிடி-1-ஐ விடுவித்து என்ன பயன்? புதிய டி-செல்களைக் கிளப்பிவிடும் சிடிஎல்ஏ-4 மருந்தைச் சேர்ப்பதற்கு அங்கேதான் நியாயம் இருக்கிறது. இருந்தும், ஏற்கெனவே தன்னுடல் தாக்குநோய் உள்ளவரிடம் அந்த 59%-ஐச் சொல்லாமல் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைப்பது சரியல்ல.