பழைய காரில் போனைக் கொழுவ: எந்தச் செற் நின்றுபிடிக்கும்?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. தொடங்கிய பிறகும் வரியோடு வரும் விலை எங்கள் பக்கத்துச் சம்பளக்காரருக்கு எட்டுகிற மாதிரி இல்லை. ஏ9 வீதியில் ஓமந்தைக்கும் ஆனையிறவுக்கும் இடையில் நின்று பாருங்கள். போய் வருவதில் கனக்க பத்துப் பன்னிரண்டு வயதான ஜப்பான் வண்டிகள்: விட்ஸ், அக்சியோ, வகன் ஆர், ஹயஸ். எஞ்சின் இன்னும் சத்தமில்லாமல் ஓடும். டாஷ்போட்டில் இருக்கிற செற், அதாவது ரேடியோவும் பாட்டும் போடுகிற பெட்டிதான், காலத்தோடு ஒட்டாமல் நிற்கும். போனில் இருக்கிற பாட்டையும் அழைப்பையும் வரைபடத்தையும் அந்த டாஷ்போட்டுக்குக் கொண்டுவர நாலைந்து வழிகள் இருக்கின்றன. நான் ஒன்றைத் தெரிந்து என் அக்சியோவுக்குப் பூட்டி, அது ஒரு மாரியையும் ஒரு கோடையையும் கண்டுவிட்டது.

முடிவை முதலே சொல்கிறேன். தனக்கென்று அன்ட்ராய்ட் இல்லாத, போனின் அன்ட்ராய்ட் ஓட்டோவையும் கார்பிளேயையும் திரையில் காட்ட மட்டும் தெரிந்த செற்றைத்தான் எடுத்தேன். இரண்டும் போனின் வரைபடத்தையும் பாட்டையும் அழைப்பையும் கார்த் திரைக்குக் கொண்டுவருகிற வசதிகள்; முதலாவது அன்ட்ராய்ட் போனுக்கு, மற்றது ஐபோனுக்கு. கேபிளில் கொழுவுகிற வகை. கடையில் அதற்குப் பக்கத்திலேயே பெரிய திரையோடு, விலையும் குறைவாக, தனக்குள்ளேயே அன்ட்ராய்ட் ஓடுகிற அன்ட்ராய்ட் பிளேயர் இருந்தது. ஆனாலும் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மலிவான வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர்தான் எல்லோரும் முதலில் வாங்குவது. ஜப்பானில் எஃப்எம் 76இல் தொடங்கும். பழைய செற்றுகள் 90 மெகாஹேர்ட்ஸோடு நின்றுவிடும். இங்கே ஒலிபரப்பு 87.5 முதல் 108 வரை. அதனால் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த றீகண்டிஷன் வண்டிகளில் அன்ரனா வயருக்கு நடுவே பாண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டி பூட்டியிருப்பார்கள். அது அலைவரிசையை 14 இறக்குகிற வகையென்றால், ட்ரான்ஸ்மிற்றரை 100இல் வைத்துவிட்டு ரேடியோவில் 86ஐத் தேட வேண்டும். இந்தக் கணக்கு விளங்காமல் நல்ல ட்ரான்ஸ்மிற்றரைப் பழுது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கைச் சரியாகப் பிடித்தாலும், கிளிநொச்சியில் வெறுமையாகக் கிடந்த இலக்கத்தில் வவுனியா கிட்டும்போது வேறொரு வானொலி ஏறி நிற்கும். றோட்டில் மாடு படுத்திருக்கிற இரவில் இலக்கம் மாற்றிக்கொண்டு இருக்க முடியாது. கிட்டத்து ஓட்டத்துக்குப் போதும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

போனின் ஹெட்போன் ஓட்டையையும் செற்றையும் இணைக்கிற ஓக்ஸ் கேபிள் அதைவிட எவ்வளவோ திறம். சத்தம் சுத்தமாக வரும். போனை லைட்டர் ஓட்டையில் சார்ஜ் போட்டபடி பாட்டுக் கேட்டால் எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைகிற ஒரு கீச்சுச் சத்தம் வரும். அது செற்றின் பழுது அல்ல. ஏர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வருவது. கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் என்று ஒரு சிறிய சாமான் நடுவில் போட்டால் நின்றுவிடும். போனில் ஹெட்போன் ஓட்டை இல்லாவிட்டால் ஒரு புளூடூத் றிசீவரை ஓக்ஸில் செருகலாம். பாட்டு மட்டும் போதும் என்கிறவர் இதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு இதையே வாங்கலாம். பென் ட்ரைவும் அப்படித்தான்: எஃப்ஏரி32இல் ஃபோர்மற் பண்ணிய சின்ன ட்ரைவ் ஒன்று டாஷ்போட் பெட்டிக்குள் எப்போதும் கிடக்கட்டும். ஜப்பான் செற்றில் தமிழ்ப் பாட்டுப் பெயர்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பாட்டு ஓடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எது பாவிக்க இலகு, எது வடிவு என்பதெல்லாம் ஒரு கிழமையில் பழகிப்போகும். எது பழசாகிப் போகாது என்பதுதான் கேள்வி. இங்கே செற்றில் ஒரு கோளாறு என்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பு. அதனால் பராமரிப்பை முன்னுக்கு வைத்துத்தான் நான் பார்த்தேன்.

கையடக்கப் பாட்டுப் பெட்டிகளின் கதையைப் பாருங்கள். 2001இல் ஐபொட் வந்தது. 2004இல் பிஎம்டபிள்யூ தன் கார்களில் ஐபொட்டை நேரே கொழுவ ஒரு இணைப்பைக் கொடுத்தது. பிறகு வந்த பல செற்றுகளில் அந்த முப்பது ஊசி அகலக் கேபிள் வந்தது. 2012இல் அப்பிள் அந்தத் தலையையே மாற்றியது. 2022இல் ஐபொட்டையும் நிறுத்திவிட்டது. 2023இல் ஐபோனின் தலை இன்னொரு தடவை மாறி யூஎஸ்பி-சி ஆனது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்த சொந்தக்காரர் விட்டுப் போன ஐபொட்டுகள் எங்கள் வீடுகளில் லாச்சிக்குள் கிடக்கின்றன. ஐபொட்டுக்கென்று செய்த செற்றின் அந்த வாய்க்கு இன்று வேலையில்லை. அதே செற்றில் இருக்கிற சாதாரண ஓக்ஸ் ஓட்டை இன்றும் வேலை செய்கிறது, ஏனென்றால் அதற்கு எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியத் தேவையில்லை.

அன்ட்ராய்ட் பிளேயரின் பிரச்சினையும் இதுவேதான். அது உண்மையில் டாஷ்போட்டில் ஒட்டிய ஒரு மலிவான ரப்லெற். அதற்கென்று ஒரு மூளை, ஒரு நினைவகம், ஒரு அன்ட்ராய்ட் பதிப்பு. விற்ற நாளில் என்ன பதிப்போ பெரும்பாலும் அதுதான் கடைசி வரை. போனை நாங்கள் மூன்று நாலு வருடத்தில் மாற்றுகிறோம். காரை அப்படி மாற்ற முடியாது. ஒருநாள் வரைபடச் செயலி புதுப்பதிப்புக் கேட்கும், பிளேயர் ஏற்காது. பிறகு அது பாட்டுப் பெட்டி மட்டும்தான். இதோடு, அதற்குத் தனியாக டேட்டாவும் வேண்டும்: ஒன்று இன்னொரு சிம், இல்லையென்றால் போனில் ஹொட்ஸ்பொட்.

நான் எடுத்த வகையில் செற்றுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. திரையில் தெரிகிற படம் முழுவதும் போனுக்குள் தயாராகி, கேபிள் வழியாக வீடியோவாக வருகிறது. விரல் பட்ட இடத்தை மட்டும் செற் போனுக்குத் திருப்பிச் சொல்கிறது. தமிழ்ப் பாட்டுப் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் தெரிவதற்கும் அதுதான் காரணம்; எழுதுவது போன், செற் அல்ல. போன் புதுசானால் டாஷ்போட்டும் அதோடு புதுசாகும். அன்ட்ராய்ட் 10இல் இருந்து அன்ட்ராய்ட் ஓட்டோ போனுக்குள்ளேயே இருக்கிறது, தேடிப் போட வேண்டியதில்லை. நாளைக்குப் போனின் ஓட்டை மாறினாலும் கேபிளை மட்டும் மாற்றினால் சரி.

அடுத்தது பற்றறி. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்பாட்டாத வண்டி இல்லை. சாவியை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஸ்ரார்ட் பண்ணும்போது, அன்ட்ராய்ட் பிளேயர் முழுதாக எழும்ப நேரம் எடுக்கும். அது பிடிக்காமல்தான் பூட்டுகிறவர்கள் அதைத் தூக்க நிலையில் வைத்துவிடுகிறார்கள். சாவி எடுத்த பிறகும் அரை உறக்கத்தில் கிடக்கும், உடனே எழும்பும். ஆனால் தூங்கும்போதும் மின்சாரம் இழுக்கும். 0.1 அம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 2.4 அம்பியர்-மணி; பத்து நாளில் 24. சின்னக் காரின் 35 அம்பியர்-மணிப் பற்றறி அதன் பிறகு ஸ்ரார்ட்டரைச் சுற்றாது. நாளும் ஓடுகிற வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. வெள்ளி சனிக்கு மட்டும் எடுக்கிற வீட்டுக் காருக்குப் பெரிய விஷயம். மல்ரிமீற்றர் வைத்திருக்கிறவரிடம் சாவி எடுத்த பிறகு எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி கிடையாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள்; மின்சாரத்தை அளந்து செலவழிக்க எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஜப்பான் செற்றை அப்படியே வைத்திருந்தால் என்ன என்று கேட்கலாம். டொயோட்டாவின் நவி (வழிகாட்டும் வரைபடம் உள்ள) செற்றுகளில், பற்றறியைக் கழற்றிப் பூட்டினாலே ஈஆர்சி என்ற திறப்புக் குறியீட்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்கிறவை இருக்கின்றன. சில மாடல்களில் வரைபட எஸ்டி கார்ட் தொலைந்தால் பாட்டும் வராது. ஜப்பானின் வரைபடம் இங்கே ஒன்றுக்கும் உதவாது. ஆனால் அது இல்லாமல் செற்றும் எழும்பாது. புளூடூத் இருந்தாலும் ஜப்பான் எழுத்து மெனுவுக்குள் அதைத் தேடிப் பிடிப்பது பெரும் வேலை.

நான் எடுத்ததற்கும் பராமரிப்பு இருக்கிறது. அது கேபிளும் போனின் ஓட்டையும். ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் றோட்டுக்குள் இறங்கினால் தளர்ந்த ஓட்டை விட்டு விட்டுப் பிடிக்கும், திரையில் வரைபடம் மறைந்து மறைந்து வரும். ஒரு மீற்றருக்குக் குறைந்த நல்ல கேபிள், ஓட்டைக்குள் சேரும் தூசை மரக் குச்சியால் மெல்ல எடுப்பது, இவ்வளவுதான் மருந்து. வரைபடத்தை வீட்டு வைஃபையில் ஓஃப்லைனாக இறக்கி வைத்துவிடுங்கள்; மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் காட்டுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் எனக்கு வருகிறது. சித்திரை வெயிலில் கண்ணாடியில் ஒட்டிய ஹோல்டரில் போன் கொதித்து அணைந்துபோகிற பிரச்சினையும் இதில் இல்லை, போன் நிழலில் கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கும். ஓடும்போது போனைக் கையில் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயர் இல்லாமல் இணைவது பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சிநேகிதர் ஒருவரின் காரில் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறேன். வசதிதான், போன் சூடேறியது. அன்ட்ராய்ட் 11 அல்லது அதற்கு மேல் வேண்டும், 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும் வேண்டும். ஐபோனும் என்னிடம் இல்லை. மச்சானின் போனைக் கொழுவிப் பார்த்ததில் கார்பிளே தடங்கல் இல்லாமல் வந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒரு ஆளுக்கு மட்டும் அன்ட்ராய்ட் பிளேயரைச் சொல்வேன்: ஹயர் ஓடுகிற வான்காரருக்கு. மடு ஆவணித் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் சனம் ஏற்றுகிறவரிடம் பின்சீற்றுக்காரர் வீடியோ கேட்பார்கள். அன்ட்ராய்ட் ஓட்டோ ஓட்டத்தில் வீடியோ காட்டாது. நாளும் ஓடுகிற வண்டி என்பதால் பற்றறிப் பயமும் அவருக்கு இல்லை. பின்னுக்குத் தனித் திரை பூட்டி முன்திரையில் வரைபடம் மட்டும் விட்டால் இன்னும் நல்லது.

எதை வாங்கினாலும் பூட்டும் இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு. வண்டியின் வயர்களை வெட்டி முறுக்கி ரேப் சுற்ற விடாதீர்கள். டொயோட்டாவுக்கு அளவான சொக்கற் வயர் தனியாக விற்கிறது, கொழுவினால் சரி. செற்றின் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் வருவது, சிவப்பு சாவி திருப்பினால் வருவது; இரண்டையும் ஒன்றாக முறுக்கினால் செற் ஒருநாளும் தூங்காது, பற்றறி போய்விடும். டொயோட்டாவின் டாஷ்போட் வாய் 200 மில்லிமீற்றர் அகலம், வழக்கமான டபிள் டின் (இரட்டை உயரமுள்ள) செற் 180. இரண்டு பக்கத்துக்கும் சின்னத் தகடு கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த இடைவெளியால் புழுதி உள்ளே போகும். காசு கொடுக்க முன்னம் உங்கள் சொந்தப் போனை உங்கள் சொந்தக் கேபிளால் கொழுவி, ஒரு பாட்டும் ஒரு அழைப்பும் எடுத்துப் பாருங்கள். அன்ட்ராய்ட் ஓட்டோவில் கேபிள் போட்டாலும் அழைப்பு புளூடூத் வழியாகத்தான் போகும். அதனால் அதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். கழற்றிய பழைய செற்றையும் அதன் எஸ்டி கார்ட்டையும் கடையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் அதைக் கேட்பார், சொக்கற்றைக் கழற்றினால் அது திரும்பவும் தன் இடத்தில் ஏறும்.