செம்புத் தகடு என்று வாங்கினேன், உரசினால் அலுமினியம்

புடைப்போவியம் (மெல்லிய உலோகத் தகட்டை அழுத்தி மேடாக எழுப்பும் உருவம்) செய்வதற்காக, 'சுத்தச் செம்பு' என்று விளம்பரம் செய்திருந்த தகடுகளை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். 30 செ.மீ. சதுரம், 0.1 மி.மீ. கனம், மொத்தம் மூன்று தகடு.

பார்த்தபோது சந்தேகமே வரவில்லை. நிறம் அச்சு அசல் செம்பு. ஃபெல்ட் துணி மேல் வைத்துப் பின்பக்கமாக அழுத்தி, திருப்பிப் போட்டு ஓரங்களைத் தட்டையாக்கி, மூன்று நாள் மாலை உட்கார்ந்து ஓர் ஆந்தையை எழுப்பினேன். இறகுக்கு மட்டுமே ஒரு மாலை போயிற்று. பின்பக்கக் குழிகளை மெழுகு ஊற்றி நிரப்பியாயிற்று. பழமை நிறம் ஏற்றுவதுதான் பாக்கி.

செம்பைக் கறுக்க வைக்கும் கந்தகச் சேர்மமான லிவர் ஆஃப் சல்ஃபர் கரைசலைப் பூசினேன். அழுகிய முட்டை நாற்றம் வந்ததே தவிர, தகடு கறுக்கவில்லை. செம்பாக இருந்தால் பூசிய கொஞ்ச நேரத்திலேயே பழுப்பேறிக் கறுத்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கோ என்று ஸ்டீல் ஊலால் தேய்த்தேன். செம்பு நிறம் உரிந்து, ஆந்தையின் நெற்றியில் வெள்ளை வெளேரென்று அலுமினியம் எட்டிப் பார்த்தது. அலுமினியம் இந்தக் கரைசலுக்கெல்லாம் கறுக்காது.

விற்றவரிடம் கேட்டதற்கு ஒரு வீடியோ வந்தது. "காந்தம் ஒட்டலை பாருங்க, செம்புதான்." அலுமினியத்திலும்தான் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது! அதைச் சொன்னதும், கரைசல் சரியில்லை என்றார். அதே கரைசலில் பழைய செம்புக் கம்பி ஒன்றை முக்கி, அது கறுத்ததைப் படமெடுத்து அனுப்பினேன். அப்புறம், "வேலை செஞ்ச தகட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்." மீதி இரண்டைத் தொடவே இல்லையே என்றதற்குப் பதிலே இல்லை.

தகடு கைக்கு வந்ததும் எடை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இந்த அளவில் செம்பு ஏறக்குறைய 80 கிராம் இருக்க வேண்டும். அலுமினியம் என்றால் 24 கிராம்தான். தொடாத தகட்டைப் பிற்பாடு சமையலறைத் தராசில் வைத்தேன், 25 காட்டியது. தராசு இல்லையா, ஒரு மூலையை உப்புத்தாளால் உரசிப் பாருங்கள். எதுவானாலும் கோடு வரைவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

அலுமினியம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. கறுப்பு அக்ரிலிக் பூசி, முழுக்கக் காய்வதற்குள் துடைத்தால் பள்ளங்களில் கறுப்பு தங்கி, மேடுகள் பழைய வெள்ளி போல மின்னும். மிச்ச நிறத்தையும் தேய்த்தெடுத்துவிட்டு என் ஆந்தையை அப்படித்தான் காப்பாற்றினேன். பணம்தான் இன்னும் வரவில்லை.