காசிமேட்டில் ஒட்டுப்போட்ட ஸ்போர்ட்ஸ் கார்: சான் ஸ்டார்முடன் ஆறு வருஷம்

சான் ஸ்டார்ம் என்று ஒரு கார் இருந்ததே பலருக்குத் தெரியாது. 1998 வாக்கில் இந்தியாவிலேயே செய்து விற்ற வண்டி. இரண்டே சீட், மேலே துணி டாப், ஃபைபர் பாடி, ரெனால்ட் கிளியோவில் வந்த 1,149 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன், ஐந்து கியர். பள்ளிக்கூடம் போகிற வயதில் பீச் ரோட்டில் ஒரு மஞ்சள் ஸ்டார்மைப் பார்த்ததிலிருந்தே மனதில் உட்கார்ந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும், ராத்திரி ரயிலேறிப் போய்ப் பார்த்து, மறுநாளே தண்டையார்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த மூன்றாம் மாதம், தெருவில் ரிவர்ஸ் எடுத்த ஒரு டெம்போ முன்பக்க மூலையில் இடித்து, ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. நாலு பட்டறை ஏறி இறங்கினேன். தகரம் என்றால் தட்டி நிமிர்த்தலாம், இது நம்மால் ஆகாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். அப்புறம் வீட்டில் அம்மாதான் கேட்டார், மீன்பிடி போட்டெல்லாம் ஃபைபர்தானே, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கேட்டுப் பார்த்தாயா என்று. அங்கே ஃபைபர் போட் ஒட்டுகிற ஒரு அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். "இதுக்கா தம்பி இவ்ளோ யோசிச்ச? அலையில அடி வாங்குற சாமானா இது, ரோட்ல போறதுதானே" என்றார். பிளவைக் கிரைண்டரால் சாய்வாக அறுத்து, ரெசினில் ஹார்ட்னர் கலந்து, உள்பக்கத்திலிருந்து கண்ணாடி இழை மேட் (துணி மாதிரி இருக்கும்) மூன்று அடுக்காக வைத்து, குமிழி ஒன்றுகூட நிற்காதபடி பிரஷ்ஷால் குத்திக் குத்தி வெளியேற்றினார். வெயிலிலேயே காயவைத்து உப்புத்தாள் போட்டபோது ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு வருஷமாக அந்த இடம் அசையவே இல்லை.

இந்தக் காருக்கு வட சென்னையைவிட நல்ல ஊர் கிடையாது என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். எங்கள் பக்கம் கடல் காற்று தகரத்தைத் தின்றுவிடும், சித்தப்பாவின் வேன் கதவு நாலே வருஷத்தில் பொத்தல். இதன் பாடியில் துருவுக்கு வேலையே இல்லை. ஆனால் அடியில் இருப்பது இரும்புதான், அதனால் வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் கீழே முழுக்கச் சுரண்டி பெயின்ட் அடிக்கிறேன்.

கஷ்டங்களும் உண்டு. டைமிங் பெல்ட்டுக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட்டு ஆறு வாரம் காத்திருந்தேன். அதே இன்ஜின் ரெனால்டின் டுவிங்கோ காரிலும் வந்திருப்பதால் கிடைத்தது, இப்போது கையில் இன்னொரு பெல்ட் எப்போதும் இருக்கும். பழைய டாப் மக்கிப்போய் ஒழுகியது. ஆட்டோவுக்கு ஹூட் தைக்கிறவரிடம் கொடுத்தேன், இரட்டைத் தையல் போட்டு அழகாகத் தைத்துத் தந்தார். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது மட்டும் கவனம் வேண்டும், வண்டி இவ்வளவு தாழ்வாக இருப்பதால் டிரைவர் கண்ணுக்கு நாம் தெரியவே மாட்டோம். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு டாப்பை மடித்துவிட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போவதுதான் வழக்கம். ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் திறந்த வண்டியில் மண்டை காய்ந்துவிடும். பொன்னேரி தாண்டியதும் வயல் ஈரமும் புகையும் கலந்து ஒரு வாசனை வரும், கொஞ்ச தூரத்தில் அது மறைந்து ஏரியின் உப்பு வாடை ஏறும். கண்ணாடி ஏற்றிய காரில் இதே ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இந்த மாற்றம் தெரிந்ததே இல்லை. டச்சுக்காரர்கள் கல்லறை பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் போதும், பசங்க சூழ்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவராக உட்காரவைத்து ஒரு ரவுண்டு போகாமல் கிளம்பமுடியாது.

பெரிய பயணம் என்றால் போன தை மாதம் தனுஷ்கோடி. ஈசிஆரிலேயே நாகப்பட்டினம், தொண்டி என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, நானும் மனைவியும், ஆளுக்கொரு சின்னப் பை. 1964 புயலில் அழிந்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017-ல் ரோடு போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. முப்பதில் போனோம். இன்னும் மெதுவாகப் போங்க என்றாள்.

பழைய ஸ்டார்ம் எங்காவது கண்ணில் பட்டால், பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் கீழே படுத்து இரும்பைப் பாருங்கள். பிறகு அந்த அண்ணன் செய்த மாதிரி பாடி முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கட்டியாக "டக்"கென்று கேட்கும், உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் "பொத்"தென்று கேட்கும். அப்படிக் கேட்டாலும் பயப்பட வேண்டாம், காசிமேட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.