வெர்மான்ட் மலையில் ஐந்து குளிர்காலம்: என் ஸ்கின் அனுபவம்

பனிச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நான் எழுத வந்தது அதன் அடியில் ஒட்டும் ஸ்கின் என்ற நீளப் பட்டையைப் பற்றி. ஒரு பக்கம் பசை, மறுபக்கம் பின்னோக்கிச் சாய்ந்த மயிர். முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் எங்கள் வெர்மான்ட்டில், ஆளை மேலே ஏற்றிவிடும் கம்பிவட லிஃப்ட் இல்லாத காட்டு மலையில் இதை நம்பித்தான் ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் உரித்துச் சுருட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

என்னுடையது மொஹேரும் (அங்கோரா ஆட்டு மயிர்) நைலானும் கலந்தது. முழு மொஹேர் இன்னும் நன்றாக வழுக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். இங்கே பலகைக்கு அடியில் பனி மட்டுமா வருகிறது? வேர், கல், பாதி உறைந்த ஓடை, போன வாரத்து மழை இறுகிப்போன கண்ணாடித் தரை எல்லாம் வரும். ஐந்து வருடத்தில் பாதத்துக்குக் கீழே ஒரு சாண் நீளம் வழுக்கை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குறையெல்லாம் பசையில். மூன்றாவது வருடம், பிராண்டன் கேப் பக்கம். தன்னார்வலர்கள் வனத்துறை அனுமதியோடு புதர் வெட்டிச் சறுக்குவதற்கு ஏற்படுத்திய காடு அது. முதல் ஏற்றம் சரியாகப் போனது. இறங்கி வந்து மறுபடி ஒட்டினால் வால் பக்கம் ஒட்டவே இல்லை. மைனஸ் 18 டிகிரி. பசைமேல் மாவு தூவினாற்போல் பனித்தூள். கையுறையைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன்; விரல் மரத்ததுதான் மிச்சம். கடைசியில் ரப்பர் வாரால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, விந்தி விந்தி ஏறினேன். அன்றிலிருந்து இறங்கும்போது ஸ்கின் பைக்குள் போவதில்லை, ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். சில்லென்று சங்கடமாக இருக்கும், ஆனால் அடுத்த ஏற்றத்துக்கு ஒட்டும். பசை கெட்டதில் என் பங்கும் உண்டு: ஹீட்டர்மேல் போட்டுக் காயவைத்தேன். நான்காம் வருடம் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை பூசினேன். ஒரு சனிக்கிழமை போனது, சமையலறை மேசையின் பாலிஷும் போனது.

அடிவாரத்தில் ஈரப்பனி, மேலே காய்ந்த குளிர் என்றால் மயிரில் பனி கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். காலில் செங்கல் கட்டி நடப்பது போலிருக்கும். மெழுகுக்கட்டியைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்; மயிர் சாய்ந்த வாக்கிலேயே தேய்க்க வேண்டும்.

வரும் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று அக்டோபரிலேயே எல்லாரும் கேட்பார்கள். பசிபிக் கடல் குளிர்ந்தால் லா நினா, சூடேறினால் எல் நினோ என்று பேச்சு ஓடும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கையில்லை. கடலோரமாக வரும் நார்ஈஸ்டர் புயல் ஐம்பது மைல் உள்ளே தள்ளி வந்தால் போதும், பனி மழையாகிவிடும். 2023 டிசம்பர் 18 அன்று கொட்டிய மழையில் இருந்த பனியும் கரைந்து, ஆறுகளில் வெள்ளம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வெர்மான்ட்டின் உயரமான மான்ஸ்ஃபீல்ட் மலையில் (4,393 அடி) பனி ஆழம் அளக்க நட்டிருக்கும் கம்பம். 1954 முதல் கணக்கு இருக்கிறது. அது 40 அங்குலம் காட்டினால் காட்டுக்குள் இறங்கலாம் என்பது இங்கே வாய்வழக்கு. அதற்கு முன்னால் போய் மரக்கட்டையில் மோதி ஒரு ஸ்கின்னின் முனைக்கொக்கியை உடைத்துக்கொண்டது என் அவசரம்.

ஏப்ரலில் நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் மலைக்குப் போவேன். டக்கர்மன் சரிவுக்குப் போகும் பாதைவரைதான் ஸ்கின்னுக்கு வேலை; செங்குத்துச் சுவரில் பலகையைத் தோளில் போட்டு, பூட்ஸால் படி போட்டு ஏற வேண்டும். போகுமுன் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்துவிடுங்கள். மற்றபடி உள்ளூர்க்காரர்களிடம் வானிலை கேளுங்கள், கியர் கேளுங்கள், சூப்பைக்கூடப் பகிர்வார்கள். அவர்களுடைய ரகசியக் காடு எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். நானும் சொல்ல மாட்டேன்.

மறுபடி வாங்கினால் இதே கலவைதான், பசை மட்டும் வேறு. ஒட்டிப் பார்த்து வெட்டும்போது இரண்டு பக்கமும் இரும்பு விளிம்பு வெளியே தெரியும்படி வெட்டுங்கள். நான் முதலில் விளிம்பு மூடும்படி வெட்டிவிட்டு, உறைந்த சரிவில் பக்கவாட்டாக முப்பது அடி சறுக்கினேன்.