'ஓப்பன் வோட்டர்' கேட்ட பிள்ளையும் பிளெகோ ஆப்பும்: ஒரு சீசன் பாவித்த பிறகு

அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரிசெப்ஷன் பார்க்கிறேன். மே தொடங்கி ஒக்டோபர் வரை எங்களுக்கு அலைச்சறுக்கு சீசன். வெள்ளைக்காரரோடு இப்போது சீனாவில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களோடு பேச உதவும் என்று பிளெகோ என்கிற சீன–ஆங்கில அகராதி ஆப்பைப் போனில் இறக்கி இந்த சீசன் முழுக்கப் பாவித்தேன். எங்கள் தொழிலில் நிற்கிற எல்லாரும் இதை வைத்திருக்க வேண்டும் என்று சொல்லுவேன். அப்படிச் சொல்ல வைத்தது 'ஓப்பன்' என்ற ஒரே சொல்.

ஒரு சீனப் பிள்ளை காலையில் கையில் மாத்திரைக் கார்டோடு குசினிக்குப் போய் "ஓப்பன் வோட்டர், ப்ளீஸ்" என்று கேட்டிருக்கிறா. குசினியில் நிற்கிற மாமி ஃப்ரிட்ஜில் இருந்து ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகிக் கொடுத்தா. பிள்ளை வாங்கவில்லை. போத்தலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் "ஓப்பன் வோட்டர்" என்றா. "திறந்துதானே மனே குடுத்த நான், இன்னும் எப்படித் திறக்கிற?" என்று மாமி என்னைக் கூப்பிட்டா. நான் போனை நீட்டினேன். பிள்ளை தன்ர மொழிச் சொல்லை ரோமன் எழுத்தில் தட்டினா: 'கை ஷ்வேய்'. பொருள் வந்தது: கொதித்த தண்ணீர். மாமி கேத்தலை அடுப்பில் வைத்தா.

அன்று இரவு அந்தக் 'கை' என்ற சொல்லைத் தனியாகத் தேடிப் பார்த்தேன், விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை. கதவைத் திறப்பதும் 'கை', லைட் போடுவதும் 'கை', கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, டொக்டர் மருந்து எழுதித் தருவது, பூ பூப்பது, பள்ளிக்கூடம் தொடங்குவது எல்லாமே 'கை'. தண்ணீர் கொதித்துவிட்டால் 'தண்ணீர் கை ஆகிவிட்டது' என்பார்கள். சந்தோஷத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'கை ஷின்', திறந்த மனம். இவ்வளவையும் சுமக்கிற சொல்லுக்கு ஆங்கில வகுப்பில் முதலில் கிடைப்பது 'ஓப்பன்' என்றால், படிக்கிறவர் எல்லா இடத்திலும் அதையே போடுவதில் என்ன பிழை? 'ஓப்பன் த லைட்', 'ஓப்பன் த ஃபேன்', நிப்பாட்டுவதற்கு 'க்ளோஸ் த லைட்' என்று அவர்கள் சொல்வது ஏன் என்று இப்போது விளங்குகிறது. கதவை மூடுவதற்கும் லைட்டை நூர்ப்பதற்கும் அவர்களுக்கு 'க்வான்' என்ற ஒரே சொல்தான்.

நாங்களும் இப்படித்தானே. லைட் போடுகிறோம், தேத்தண்ணி போடுகிறோம், சட்டை போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். 'போடு' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் படித்துக்கொண்டு போய் லண்டனில் யாரிடமாவது தேத்தண்ணி கேட்டால் எங்களுக்கும் அதே நிலைமைதான். ஆஸ்பத்திரியில் 'கொதித்தாறிய நீர்' என்று எழுதிப் போட்டிருப்பார்களே, அதற்கும் சீனத்தில் சரியான சொல் இருக்கிறது, அதற்குள்ளும் இந்தக் 'கை' இருக்கிறது.

இந்தச் சொல்லை மறக்கவே மாட்டேன். காரணம், ஒலி கிட்டத்தட்ட எங்கள் கை மாதிரி, 'க'வோடு கொஞ்சம் காற்றையும் விட்டு, உயர்த்தி இழுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆப்பில் ஒலிபெருக்கிப் படத்தை அமுக்கினால் உச்சரிப்பைக் கேட்கலாம். எழுத்தின் பழைய வடிவத்தையும் பக்கத்திலேயே காட்டுகிறது: ஒரு கதவு, அதற்குள் குறுக்குத் தாழ், கீழே அந்தத் தாழை எடுக்கிற இரண்டு கைகள். தைவானிலும் ஹொங்கொங்கிலும் இன்றைக்கும் கதவோடுதான் எழுதுகிறார்கள். சீனாவின் எளிமையாக்கிய எழுத்தில் கதவு போய்விட்டது, தாழும் கைகளும் மட்டும் மிச்சம்.

சரி, ஆப்பைப் பற்றி. இலவசமாக இறக்கலாம். மேலதிக அகராதிகளுக்கும், கமராவைக் காட்டி எழுத்தை வாசிக்கிற வசதிக்கும் காசு. நான் ஒன்றும் வாங்கவில்லை, என் வேலைக்கு இருப்பதே போதும். அகராதி போனுக்குள்ளேயே இருப்பதால் டேட்டா தேவையில்லை, குமணப் பக்கம் விருந்தினரைக் கூட்டிக்கொண்டு போகிற சஃபாரி ஜீப்காரருக்கு இது பெரிய விஷயம். தமிழ் கிடையாது. பொருள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதனால் ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாமி தனியாகப் பாவிக்க மாட்டா.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 'ஓப்பன்' என்று ஆங்கிலத்தில் நீங்களே தட்டினால் சீனச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும், எது எந்த இடத்துக்கு என்று எங்களுக்குத் தெரியாது. விருந்தினரிடம் கொடுத்து அவருடைய சொல்லைத் தட்டச் சொல்லுங்கள், பொருளை நீங்கள் வாசியுங்கள். மொழிபெயர்ப்பு ஆப் ஒரு வாக்கியத்துக்கு ஒரு விடையைத் தந்துவிட்டுப் போய்விடும், அந்த ஆள் ஏன் அப்படிச் சொன்னார் என்று அதில் தெரியாது. அது தெரிந்தால்தான் அடுத்த தடவை 'ஓப்பன் த ஹீட்டர்' என்று கேட்கும்போது பதறாமல் போய் சுவிட்சைப் போடலாம்.

எங்கள் சாப்பாட்டுக் கடை வாசலில் 'ஓப்பன்' பலகை இருக்கிறது. அதன் கீழே சீனத்திலும் எழுதலாம் என்று அந்தப் பிள்ளையிடம் 'கை' எழுத்தைக் காட்டிக் கேட்டேன். கடைக்கு அது சரிவராது, வியாபாரம் நடக்கிறது என்று பொருள்படுகிற 'யிங்யே ஜொங்' என்றுதான் எழுதுவோம் என்று சொல்லி, போகிற நாளன்று மார்க்கரை வாங்கி மூன்று எழுத்தையும் தானே எழுதித் தந்துவிட்டுப் போனா. பலகை இப்போதும் வாசலில் தொங்குகிறது.